சந்தோஷமா இருக்கேன் என்று சொன்னவள்

எங்கள் தெருவில் ஒருவரை ஒருவர் பார்த்தால் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்போம். அதற்குப் பதில் சொல்வதில் ஒரு முறை உண்டு. "ஏதோ இருக்கோம்" என்று சொல்லலாம். "சர்வேசுரன் வெச்சபடி" என்று சொல்லலாம். "அத ஏன் கேக்கறே" என்று ஆரம்பித்து முழங்கால் வலியில் கொண்டுபோய் முடிக்கலாம். பெண்ணுக்கு நல்ல சம்பந்தம் அமைந்து, பிள்ளைக்குச் சர்க்கார் உத்தியோகம் கிடைத்து, காலையில்தான் வஞ்சிரம் வாங்கி வறுத்துச் சாப்பிட்டிருந்தாலும் இவற்றில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். கேட்கிறவருக்கும் விஷயம் தெரியும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி பறந்தபோதும் இப்படித்தான், பறக்காதபோதும் இப்படித்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், நெல்லித்தோப்பில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒருத்தி வந்து சேர்ந்தாள். என் கணவருடைய அண்ணன் மனைவி. எனக்கு ஓரகத்தி. நான் அக்கா என்று கூப்பிடுவேன், தெருவில் சைகோன்காரி என்பார்கள். அவளுடைய அப்பா நம் ஊரிலிருந்து சைகோனுக்குப் பிழைக்கப் போனவர். அவள் பிறந்தது, கன்னியர் பள்ளியில் படித்தது, என் மச்சாண்டாரைக் கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் அங்கேதான். நல்ல உயரம். வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கையில் ஒரு கறுப்புக் குடை. தெருவின் ஓரமாக நடக்கத் தெரியாது, நட்ட நடுவில்தான் நடப்பாள். வாயைத் திறந்தால் நல்ல தமிழ்தான் பேசுவாள். அதைக் கொண்டு என்ன சொல்ல வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தெரியாமல் இருந்தது.

வந்த இரண்டொரு நாளில் மீன்காரம்மா வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, வாய் வார்த்தைக்கு, "எப்டிம்மா இருக்கே?" என்றாள். அக்கா கையில் சட்டியோடு நின்று யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். மீன்காரம்மா செதிலைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"காலையில எழுந்தப்ப தலை வலிச்சது. இப்ப இல்ல. ராத்திரி நல்லா தூங்கினேன். சந்தோஷமா இருக்கேன்" என்றாள் அக்கா.

மீன்காரம்மா என்னைப் பார்த்தாள். நான் தூணைப் பார்த்தேன். மறுநாள் அக்கா உள்ளே இருந்தபோது என்னிடம் மெதுவாக, "ஏம்மா, அந்தப் பொண்ணுக்கு இங்க ஏதாச்சும்..." என்று நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டினாள். அதெல்லாம் ஒன்றுமில்லை, கப்பலில் வந்த களைப்பு என்று சொல்லி அனுப்பினேன். களைப்பு மாதக்கணக்கில் தீரவே இல்லை.

சாப்பாட்டில் இன்னும் மோசம். எங்கள் வீட்டில் சமையல் ராஜ்யம் மாமியாருடையது. குள்ளமான உடம்பு, கண்டிப்பான குரல், மாமனார் இறந்து வருஷம் திரும்பாத சமயம். அந்த வீட்டில் சமையலை யாரும் வாய்விட்டுப் பாராட்டியது கிடையாது. மாமனார் இருந்தவரைக்கும் "உப்பு தூக்கல்" என்று சொல்லிக்கொண்டே மூன்றாம் தரம் குழம்பு வாங்குவார். அதற்கு என்ன அர்த்தம் என்று மாமியாருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். அக்கா முதல் வாய் மீன் குழம்புச் சோற்றை விழுங்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"அத்த, இந்த மாதிரி கொழம்பு நான் சாப்பிட்டதே இல்ல. எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கு."

மாமியார் கையில் கரண்டி அப்படியே நின்றது. அவர் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் பூசை கண்டு நன்மை வாங்குகிறவர். ஆனாலும் அன்று எழுந்துபோய் உப்பும் மிளகாயும் எடுத்து, குழம்புச் சட்டியைச் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் நெடியே வரவில்லை. "பாத்தியா, எவ்ளோ கண்ணு" என்றார் என்னிடம். மறுநாளும் அக்கா அதையே சொன்னாள். அதற்கு மறுநாளும் சொன்னாள். ஒரு மாதத்துக்குப் பிறகு மாமியார் சுற்றிப் போடுவதை விட்டுவிட்டார். இன்னொன்றையும் நான் கவனித்தேன். வாரத்தில் ஒரு நாள் வைத்த மீன் குழம்பை மூன்று நாள் வைக்க ஆரம்பித்தார். பரிமாறிவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் பத்து வருஷம் அந்தக் குழம்பைச் சாப்பிட்டவள், என் முகத்தை யாரும் பார்த்ததில்லை.

அக்கா ஏன் இங்கே வந்தாள் என்று சொல்ல வேண்டும். மாமனார் இறந்தபோது மச்சாண்டார் அவளோடு விடுப்பில் வந்தார். மாமியார் அவரைப் பார்த்ததும் படுத்துக்கொண்டார். நெஞ்சு அடைக்கிறது, கால் வீங்குகிறது, இனி எத்தனை நாளோ என்றார். மகன் பயந்துபோய், "ஒரு வருஷம் அம்மாவப் பாத்துக்கோ. அப்புறம் கூப்புட்டுக்கறேன்" என்று மனைவியை விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். கப்பல் கண்ணுக்கு மறைந்த வாரமே மாமியார் எழுந்து உட்கார்ந்து மிளகாய் இடித்தார். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் வேண்டியதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. வேண்டுமென்றால் உடம்பு இளைக்க வேண்டும், அல்லது சோறு இறங்கக் கூடாது. அதைப் பார்த்து மற்றவர்கள் புரிந்துகொள்வார்கள்.

ஒரு வருஷம் ஆயிற்று. இரண்டாவதும் ஓடிக்கொண்டிருந்தது. மச்சாண்டார் கூப்பிடவில்லை. அக்காவுக்கு முப்பது நெருங்கிவிட்டது, பிள்ளை இல்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: சைகோனுக்குப் போய்ப் புருஷனோடு இருக்க வேண்டும். அதை ஒளித்து வைக்கவும் இல்லை. "அத்த, நான் எப்ப போவேன்?" என்று மாமியாரிடம் நேராகவே கேட்பாள். "போவலாம், போவலாம்" என்பார் மாமியார், அடுப்பைப் பார்த்தபடி. பேரப்பிள்ளை இல்லையே என்று மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுகிறவரும் அவரேதான். புருஷன் ஓரிடம், பெண்டாட்டி ஓரிடம், பேரன் என்ன தந்தியிலா வருவான்?

கப்பல் வருகிற நாளில் அக்கா குடையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவாள். சைகோனிலிருந்து விடுப்பில் வருகிறவர்களிடம் விசாரிப்பாள். திரும்பிப் போகிறவர்களிடம், தான் சந்தோஷமாக இருப்பதையும் வர வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புவாள். அவர்கள் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, அங்கே போய் மச்சாண்டாரிடம், "அண்ணிக்கு என்னா கொறை? இருக்கிற எடத்துல அவ்ளோ சந்தோஷமா இருக்காங்க" என்பார்கள். அவரோ நெல்லித்தோப்பில் வளர்ந்த மனிதர். தன்னிடம் வரத் துடிக்கிற பெண்டாட்டி இளைத்துத் துரும்பாகிவிட்டாள் என்றுதான் சேதி வரும், வர வேண்டும். சந்தோஷமாக இருக்கிறாள் என்று வந்தால் அவர் என்ன நினைப்பார்? அம்மாவோடு அவளுக்கு ஒத்துப்போய்விட்டது, இங்கே கூப்பிட்டு ஏன் அலைக்கழிக்க வேண்டும் என்று இருந்துவிட்டார். வருத்தமும் இருந்திருக்கும். தான் இல்லாமலே பெண்டாட்டி சந்தோஷமாக இருக்கிறாள் என்று கேட்க எந்தப் புருஷனுக்குப் பிடிக்கும்?

எனக்குப் பொறுக்கவில்லை. நான் இந்த வித்தையில் கைதேர்ந்தவள், அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. அரியாங்குப்பத்தில் என் அம்மா வீடு. போக வேண்டும் என்று தோன்றினால் நெற்றியில் ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு காலைப் பலகாரத்தைத் தொடாமல் இருப்பேன். மத்தியானம் சோற்றை அளைவேன். பொழுது சாய்வதற்குள் மாமியாரே ஆள் தள்ளுகிற புஷ்புஷ் வண்டியைக் கூப்பிட்டு, "போயி உங்கம்மாவ ஒரு எட்டு பாத்துட்டு வா" என்பார். ஆற்றைத் தாண்டியதும் துணியை அவிழ்த்துவிடுவேன்.

ஒரு நாள் கிணற்றடியில் அக்காவைப் பிடித்து வைத்துச் சொன்னேன்.

"அக்கா, நான் சொல்றத கேளுங்க. நாலு நாளு சாப்புடாதீங்க. கண்ணு உள்ள போவட்டும். அத்த கேட்டா ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு மொகத்த திருப்பிக்குங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"எனக்குப் பசிக்குமே."

"பின்கட்டுல நான் தரேன். அத்த பாக்க சாப்புடாதீங்க, அவ்ளோதான்."

"நான் சந்தோஷமாத்தானே இருக்கேன்."

"அப்ப போவ வேணாமா?"

"போவணும். சந்தோஷமாவும் இருக்கேன், போவவும் வேணும். ரெண்டும் நெஜம்தான். எதுக்கு ஒண்ண மறைக்கணும்?"

"ரெண்டும் ஒண்ணா இருக்க முடியாது அக்கா."

"ஏன்?"

ஏன் என்றால் என்ன சொல்வது? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாளியைக் கிணற்றுக்குள் விட்டுத் தண்ணீர் இறைத்தேன். இவள் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, உண்மையும் பேசிக்கொண்டு இந்த வீட்டிலேயே கிழவியாகப் போகிறாள் என்று அன்று உறுதியாக நினைத்தேன்.

சில சமயம் அவள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது உண்டு. எதிர் வீட்டு அம்மாளுக்கு ஒரே பிள்ளை, காய்ச்சலில் போய்விட்டான். மாதம் இரண்டு ஆகியிருக்கும். அந்த வீட்டு வாசலுக்கு நேரே நின்றுகொண்டு அக்கா யாருக்கோ பதில் சொல்கிறாள், "சந்தோஷமா இருக்கேன்" என்று, கணீரென்று. எதிர் வீட்டுக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. அன்று மாமியார் அக்காவை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். திட்டவில்லை.

"நம்ம சந்தோஷத்த நாம உள்ள ஒக்காந்து சாப்புடணும்டி. வாசல்ல எலய போட்டு சாப்புட்டா, எதிர்ல பசியோட இருக்கறவ பாக்க மாட்டாளா? கண்ணு படும்னு மட்டுமா நாங்க மறைக்கறோம்? அவளுக்கு வலிக்கும்னுதான்."

"அது எனக்குத் தெரியாது அத்த" என்றாள் அக்கா. அன்று சாயங்காலம் எதிர் வீட்டுக்குப் போனாள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. அதிகம் பேசியிருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு தினமும் ஒரு பொழுது அங்கே போய் அந்த அம்மாளோடு கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். அங்கே மட்டும் தன்னைப் பற்றி வாயைத் திறக்க மாட்டாள். வெளியே வந்தால் பழையபடிதான். கணீர் மட்டும் கொஞ்சம் குறைந்தது.

அவளால் எங்களுக்குச் சிரிப்பும் உண்டு. கன்னியர் மடத்துத் தையல் கூடத்துக்கு மத்தியானங்களில் நாங்கள் பூவேலை செய்யப் போவோம். ஒரு நாள் அங்கே ஒரு மதாம் வந்தாள். புதிதாக மாற்றலாகி வந்த ஒரு பெரிய அதிகாரியின் மனைவி, பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரத் தெருவில் வீடு. புருஷனோடு நாலைந்து தேசங்களில் இருந்தவளாம். எந்தத் தேசத்துப் பெண்கள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று விசாரித்துப் பார்ப்பது அவளுக்கு ஒரு பொழுதுபோக்கு. அக்காவுக்குப் பிரெஞ்சு நன்றாக வரும் என்பதால் அவளையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஒவ்வொருத்தியாக "நீங்க சந்தோஷமா இருக்கீங்களா?" என்று கேட்கச் சொன்னாள்.

பார்க்க வேண்டுமே. ஒருத்தி பெருமூச்சு விட்டாள். ஒருத்தி, "என்னா சந்தோஷம், ஏதோ வண்டி ஓடுது" என்றாள். போன வாரம்தான் மகளுக்குக் கல்யாணம் முடித்தவள், "இனிமே செத்தா என்னா, இருந்தா என்னா" என்றாள். நான் என் பங்குக்கு ஒற்றைத் தலைவலியைச் சொன்னேன். அக்கா எல்லாவற்றையும் ஒரு வார்த்தை குறையாமல் பிரெஞ்சில் சொன்னாள். மதாமுக்குக் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டாள். தான் மிகவும் சந்தோஷமாக இருப்பதாகவும், நல்ல புருஷன், நல்ல பிள்ளைகள், எல்லாமே நன்றாக இருப்பதாகவும், எங்களை நினைத்தால்தான் மனசு கனக்கிறது என்றும் சொன்னாள். போகும்போது வாசலில் நின்று இன்னொரு தரமும் சொன்னாள்.

அவள் வண்டி நகர்ந்ததும் தையல் கூடம் முழுவதும் ஒரே பேச்சு.

"பாவம்டி அந்தப் பொம்பள."

"வார்த்தைக்கு வார்த்தை சந்தோஷமா இருக்கேங்கறாளே. வீட்டுல என்னா கொடுமையோ."

"புருஷன் குடிப்பானா இருக்கும்."

"ஜெபமாலையில ஒரு பத்து மணி அவளுக்கு ஒப்புக்குடுக்கலாம்."

அப்படியே செய்தோம். பிறகு, மகளுக்குக் கல்யாணம் முடித்தவள் சம்பந்தி அம்மாள் நடக்கிற மாதிரி நடந்து காட்டினாள். நாங்கள் வயிறு வலிக்கிற அளவுக்குச் சிரித்தோம். கன்னியர் வந்து அதட்டும்வரை சிரிப்பு நிற்கவில்லை. அந்த மதாம் திரும்பி வந்து பார்த்திருக்க வேண்டும்.

வீட்டுக்குத் திரும்பும்போது அக்கா நடுத் தெருவில் நடந்துகொண்டே சொன்னாள்: "வெள்ளக்காரங்களுக்குச் சந்தோஷம் மேல்சட்டை மாதிரி. போடாம வெளிய வந்தா மரியாதை இல்ல. நம்ம ஊருல அது உள்பாவாடை. வெளிய தெரிஞ்சா மானக்கேடு."

"உங்க சைகோன்ல?"

"அந்த ஊரு ஜனங்க சாவு சேதி சொல்ல வரும்போதும் சிரிச்ச மொகமா வருவாங்க. கேக்கறவங்க மனசு கலங்கக் கூடாதுன்னு. அவங்க துக்கத்த மறைக்கறாங்க. நீங்க சந்தோஷத்த மறைக்கறீங்க."

"அப்ப எந்த ஊருலதான் நெஜமா சந்தோஷமா இருக்காங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? கேட்டா யாரு சொல்றீங்க?" என்றாள்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்த பிறகு சைகோனிலிருந்து ஒருவர் விடுப்பில் வந்தார். மச்சாண்டாரோடு ஒரே ஆபீசில் வேலை பார்க்கிறவர், வயதில் சின்னவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். என் கணவரும் அவரும் கூடத்தில் பரிமாறிய இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா அடுக்களையில் இருந்தாள். இந்த ஆள் திரும்பிப் போகிறபோது சரியான சேதி போக வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு வருஷமும் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. வந்தவர் சம்பிரதாயத்துக்கு, "அண்ணி எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். மாமியார் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அத ஏன் கேக்கறீங்க" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். "ஒரு வாய் சோறு எறங்கல. பொழுதுக்கும் அழுதுகிட்டே இருக்காங்க. புருஷன் பேர எடுத்தாலே எழுந்து உள்ள போயிடறாங்க. பாக்கறவங்களுக்கு வயிறு எரியுது."

எனக்குக் கண்ணீரும் வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடடா, அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாதே" என்றார். மாமியார் என்னை முறைத்தார், ஆனால் விருந்தாளி முன்னால் மறுத்துப் பேசவில்லை. வேலை முடிந்தது என்று நான் நினைத்த நேரத்தில் அக்கா தண்ணீர்த் தம்ளரோடு கூடத்துக்கு வந்தாள்.

"அவ சொல்றத நம்பாதீங்க. நான் நல்லா சாப்புடறேன், நல்லா தூங்கறேன். அத்த என்னை நல்லா பாத்துக்கறாங்க. எனக்கு அவருகிட்ட போவணும், அதையும் அவருகிட்ட சொல்லுங்க" என்றாள். எனக்கு அந்தத் தம்ளரை வாங்கி அவள் தலையிலேயே கவிழ்க்கலாம் போல இருந்தது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "அவரு எப்படி இருக்காரு? அத மொதல்ல சொல்லுங்க."

"அண்ணனுக்கு என்னா அண்ணி, இருக்காரு."

"இருக்காருன்னா?"

"நல்லாத்தான் இருக்காரு. கேட்டா, ஏதோ இருக்கேன்னு சொல்வாரு."

அக்கா தம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏதோ இருக்கேன்னா சொன்னாரு?"

"ஆமா அண்ணி. எல்லாரும் சொல்றதுதானே."

"எங்கிட்ட அப்படிச் சொல்ல மாட்டாரு. நான் விட மாட்டேன். இன்னைக்கு நல்லா இருக்கு, இன்னைக்கு நல்லா இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லணும்னு பழக்கி வெச்சிருந்தேன்." அவள் குரல் மாறியிருந்தது. "ஆபீசுல மாடிப்படி ஏறுறாரா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஏறுறாரு. பாதியில நின்னு நின்னு ஏறுவாரு. வெயில்தான் அண்ணி, அந்த ஊரு வெயில் ஒங்களுக்குத் தெரியாததா?"

"செருப்பு எப்படி போடறாரு?"

"செருப்பா?" அவர் விழித்தார். "இப்பல்லாம் பின்பட்டைய மடக்கிவிட்டுத்தான் போட்டுக்கறாரு. கால் கொஞ்சம் ஊதினாப்போல இருக்குதுன்னு..." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். தன் வாயால் என்ன சொல்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

அக்கா மாமியார் பக்கம் திரும்பினாள்.

"அத்த, எனக்கு இப்ப சந்தோஷமா இல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை, தலையில் அடித்துக்கொள்ளவில்லை. நான் எத்தனையோ தரம் நெற்றியில் துணி கட்டிக்கொண்டு சாதிக்காததை அந்த ஒரு வார்த்தை சாதித்தது. மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

"என்னாடி சொல்றே? அவன் நல்லாத்தானே இருக்கான்னு இவரு சொல்றாரு?"

"எங்கம்மாவும் ஏதோ இருக்கேன், ஏதோ இருக்கேன்னுதான் சொன்னாங்க. நல்லா இருந்தப்பவும் அதுதான், வயித்துல கட்டி வந்தப்பவும் அதுதான். ஒரே வார்த்தை. எங்களுக்கு வித்தியாசமே தெரியல அத்த. படுத்த பொறவுதான் தெரிஞ்சது. டாக்டர் துரை வந்து, இத்தன நாளா கூட இருந்தவங்க என்னா பண்ணீங்கன்னு கேட்டாரு. நான் கூடவேதான் இருந்தேன்."

மாமியார் முந்தானையை இடுப்பில் செருகினார். அப்போதுதான் இலையில் கை வைத்த என் கணவரைப் பார்த்து, "எழுந்திரு" என்றார்.

"ஏம்மா?"

"அடுத்த கப்பல் என்னிக்குன்னு கேட்டு, இவளுக்கு எடம் சொல்லிட்டு வா."

"ஞாயித்துக்கெழமம்மா. கப்பல் ஆபீசு பூட்டியிருக்கும். நாளைக்குப் போறேன்."

"அந்த ஆபீசுக்காரரு வீடு பூட்டியிருக்காது. போ" என்றார். என் கணவர் கையைக் கழுவிக்கொண்டு போனார். சைகோனில் மச்சாண்டாரை உடனே டாக்டரிடம் காட்டச் சொல்லி அன்றைக்கே தந்தி கொடுக்கவும் ஏற்பாடு ஆயிற்று.

பதற வைத்துக் கதை சொல்வது எனக்குப் பிடிக்காது, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். மச்சாண்டார் பிழைத்தார். இருதயத்தில் கோளாறு, கால் இரண்டிலும் நீர் கோத்திருந்தது. தந்தி கிடைத்ததும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே டாக்டர் கேட்டதற்கும் முதலில் ஏதோ இருக்கேன் என்றுதான் சொன்னாராம், கிறுக்குப் பிடித்த மனிதர். அங்கே இருந்த நம் ஊர்க்காரர்கள் தினம் தினம் அவரை விசாரித்தவர்கள்தான். எல்லோரும் ஒரே மாதிரி கேட்டு, ஒரே மாதிரி பதில் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அக்கா போய்ச் சேர்ந்து பத்தியச் சோறு போட்டு அவரைத் தேற்றினாள். பிறகு ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. அவர் இன்னும் வெகு வருஷம் இருந்தார்.

இதெல்லாம் பிறகு வந்த சேதி. கப்பல் ஏறுகிற அன்று எங்களுக்கு எதுவுமே தெரியாது. தந்திக்குப் பதில், ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்பதோடு நின்றுவிட்டது.

கடற்பாலத்தின் கோடியில் நின்றோம். கப்பல் தொலைவில் நின்றது. ஆட்களைக் கொண்டுபோகச் சலங்குப் படகு கீழே ஆடிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டு அம்மாள்கூட வந்திருந்தார். தெருவே வந்து அழுதது. மாமியார் மட்டும் அழாமல் ஊறுகாய் ஜாடியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். படகுக்காரர் அவசரப்படுத்தினார். அக்கா மாமியார் அருகில் வந்து, ஜாடியை வாங்கிக்கொண்டு, மற்றவர்களைப் போலவே சாதாரணமாகக் கேட்டாள்.

"எப்படி இருக்கீங்க அத்த?"

மாமியார் வாயைத் திறந்தார். வழக்கமான வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது, பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது. அதை விழுங்கிவிட்டார்.

"நல்லா இல்லடி" என்றார். "அவனை நெனச்சா பயமா இருக்கு. நீ போறதும் எனக்கு நல்லா இல்ல. ரெண்டு வருஷமா எனக்கு ரொம்ப நல்லா இருந்தது. அதான் உன்னை அனுப்பல."

சுற்றி நின்றவர்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இப்படி ஒரு பேச்சை அந்தப் பாலத்தில் யாரும் கேட்டதில்லை. அக்கா ஜாடியைக் கீழே வைத்துவிட்டு மாமியாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மாமியார் சற்று நேரம் அப்படியே நின்றார். பிறகு அவளைத் தள்ளிவிட்டார்.

"ஏறு. அவன் காத்துக்கிட்டு இருக்கான்" என்றார்.